விற்சுருளும் விற்றராசும்

யாரும் காணாத இடத்தில் செய்யப்படும் வேலைக்கு யார் சாட்சி? கடவுள் என்பர் ஒரு சாரார். மனச்சாட்சி என்பர் வேறொரு சாரார். சட்டம் இருக்கிறதே என்று சொல்வோரும் உளர். இவ்விடைகள் மூன்றும் கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே தயாராக இருந்த விடைகள் என்பது என் எண்ணம். கேள்வியை வானத்தில் வைத்துக் கேட்டால் விடையும் வானத்திலிருந்தே வரும். ஆகவே அதைப் பதுளை நகரத்துப் பட்டறை ஒன்றின் எண்ணெய் ஊறிய மேசையில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அந்த மேசையில் இப்போது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் அவிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஊவாவின் தேயிலை மலைகளிலே சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை சுற்றிய காலம் ஒன்றிருந்தது. தூரத்து வளைவில் எஞ்சின் உறுமல் கேட்டதும் நிரையில் பேச்சு அடங்கும். கங்காணியின் குரல் உயரும். அந்த வண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை: பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், டிரையம்ப், மட்ச்லெஸ் முதலியன. பீ.எஸ்.ஏ. என்பது 1861இல் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. துரைமார் மாறினர், வண்டிகளும் கைமாறின. சில கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடந்தன. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடக்கூடிய எந்தப் பழைய இரும்புக்கும் மதிப்புப் பிறந்தது. அருமையான பழைய வண்டிகளுக்கோ சொல்ல வேண்டியதில்லை.

இவற்றை மீண்டும் உயிர்ப்பிப்பவர் யார்? வாங்குகிறவர் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கக்கூடும். ஆனால் எஞ்சினுக்குள் கை நுழைப்பவன் பல வேளைகளில் லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினிடமோ நகரத்துப் பட்டறையிலோ கண்ணாலும் காதாலும் தொழில் கற்ற ஒருவன். சான்றிதழ் இல்லை. 'பாஸ்' என்னும் பட்டம் மட்டும் உண்டு. எஜமானைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல் இந்நாட்டுக்கு வந்து தச்சனுக்கும் மேசனுக்கும் மெக்கானிக்குக்கும் உரிய பெயராகிவிட்டது. மொழி சில வேளைகளில் மனிதரை விட நியாயமாக நடந்துகொள்கிறது!

இனி, மேசையில் கிடக்கும் எஞ்சினுக்கு வருவோம். வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். தமிழில் விற்சுருள் என்கிறோம், பட்டறையில் ஸ்பிரிங்தான். திறக்கும் விசை எஞ்சினின் சுழற்சியிலிருந்து வருகிறது. மூடும் விசையோ, அமுக்கப்பட்ட உருக்குக் கம்பி தன் பழைய நீளத்துக்குத் திரும்பத் திமிறுவதிலிருந்து வருகிறது. நிமிஷத்துக்கு 4000 சுற்றுச் சுழலும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் 2000 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரம் அவ்வாறு ஓடினால் 1,20,000 தடவை. இத்தனையும் மூடிக்குள், சூட்டிலும் எண்ணெயிலும் நிகழ்கின்றன. வண்டியோட்டி அதைக் காண்பதில்லை. அவன் காண்பது துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் டாங்கியை.

உருக்கும் களைப்படையும். ஆண்டுக்கணக்காக அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் வெளியே எடுக்கப்பட்டால் தன் பிறந்த நீளத்துக்கு மீள்வதில்லை; சிறிது குறைந்து நிற்கும். அவ்வாறு தளர்ந்த ஸ்பிரிங் மெதுவான ஓட்டத்தில் குற்றம் காட்டாது. வேகம் கூடும்போதுதான் கேமின் பின்னே ஓடி வர இயலாமல் வால்வு அந்தரத்தில் நிற்கும். மூட வேண்டிய கணத்தில் மூடாது. மூடாத வால்வு சூட்டை இறக்கவும் மாட்டாது. புகை வெளியேறும் வால்வு சுமார் 700 பாகை வரை பழுக்கக் காய்வது. அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டோடு ஒட்டியிருக்கும் அந்தச் சிறு பொழுதிலேதான் இறக்கிக்கொள்கிறது. அந்தப் பொழுது குறைந்தால் விளிம்பு எரியும், கம்பிரஷன் போகும். வால்வு மேலே தொங்கும் எஞ்சினாயின், அது பிஸ்டன்மீதே மோதவும் கூடும்.

மலைநாட்டிலே இதற்கு விசேஷமான ஓர் ஆபத்து உண்டு. பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டரிலும் ஹப்புத்தளை 1400 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. எல்லவிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் பாதையின் சரிவை அறிந்தவர் அறிவர். இறக்கத்தில் பிரேக்கை நம்பாதவன் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைத் தடுப்பான். அது சரியான வழியே. ஆனால் அவ்வேளையில் எஞ்சின் சக்கரத்தை ஓட்டுவதில்லை. சக்கரம் எஞ்சினை ஓட்டுகிறது. ஓட்டுகிறவன் எண்ணியதற்கு மேலாகச் சுற்று ஏறிவிடும். சமதரையில் ஒருநாளும் வெளிப்படாத தளர்ச்சி, மலையின் நடு வளைவிலே வெளிப்படும்.

சரியாகச் செய்வது எப்படி என்பதில் இரகசியம் ஒன்றுமில்லை, பொறுமைதான் தேவை. கழற்றிய ஸ்பிரிங்கைக் கழுவி, தட்டையான பலகையில் நிறுத்தி அளக்க வேண்டும். கைநூலில் கண்ட நீளத்தோடு அல்லது புதிய ஸ்பிரிங்கோடு ஒப்பிட வேண்டும். வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, குறைந்திருந்தால் மாற்றிவிடு என்பது அக்காலக் கைநூல்களில் காணப்படும் வழக்கமான விதி. மூலைமட்டத்தை அருகில் வைத்துச் சாய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்த ஸ்பிரிங் வால்வின் தண்டை ஒரு பக்கமாகத் தள்ளித் தேய்க்கும். உள்ளும் புறமுமாக இரட்டை ஸ்பிரிங் உள்ள எஞ்சின்களில் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றப்பட்டிருக்கும், ஒன்றின் சுருள் மற்றதன் இடைவெளியில் போய்ச் சிக்காமல் இருப்பதற்காக. பிறகு அமுக்கும் கருவியால் ஸ்பிரிங்கை அமுக்கி, தொப்பியின் துவாரத்தில் இரு பாதிகளாகப் பிளந்த சிறு கூம்புப் பூட்டை இறக்க வேண்டும். நகத்தளவான அந்த இரு துண்டுகளே வால்வைப் பிடித்து நிறுத்துபவை. கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் விழாமல் நிற்கும். கருவியைத் தளர்த்திய பின் தண்டின் தலையில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பூட்டு அமர்ந்துவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இறுதியில் எஞ்சினைக் கையால் சுழற்றி, வால்வு முழுதும் திறந்த நிலையிலும் சுருள்களிடையே சிறிது இடைவெளி எஞ்சுகிறதா என்று நோக்க வேண்டும். இடைவெளி இல்லையேல் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக இராது. வெறும் இரும்புக் குழாயாகி எதையாவது உடைக்கும். வலிமை மிகுந்த ஸ்பிரிங்கைப் போட்டால் நல்லதுதானே என்று கேட்போர் உண்டு. இல்லை. அது கேமையும் அதோடு உராயும் உறுப்பையும் தேய்த்துத் தின்றுவிடும்.

இவ்வளவையும் செய்ய ஒரு முழு நாள் போய்விடும். செய்யாமல் விட ஐந்து நிமிஷம் போதும்.

செய்யாமல் விடுவதற்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. தளர்ந்த ஸ்பிரிங்கின் அடியில் ஓர் உருக்கு வளையத்தை வைத்துவிட்டால் அது முன்போல் இறுகி நிற்கும். கைக்கு வலுவாகவே தோன்றும். எஞ்சின் ஒலியும் சுத்தமாக இருக்கும். சீட்டைப் பலமுறை அரைத்து அது ஆழமாகிப் போனவிடத்து, அளவைச் சரிசெய்ய அத்தகைய வளையம் வைப்பது நேர்மையான முறையே. ஆனால் களைத்த உருக்குக்கு முட்டுக்கொடுத்து அதைப் புதியது என்று விலைபேசுவது வேறு. இரண்டிலும் வளையம் ஒன்றுதான். மூடியைப் பூட்டிய பின் இரண்டையும் பிரித்துக் காண வண்டிக்காரனால் இயலாது. புதிய ஸ்பிரிங் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய 2022இல் அதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலையும் காத்திருக்க வேண்டியிருந்த காலமும் சிறியவை அல்ல. வாடிக்கையாளரோ, "இரண்டு நாளில் முடியாதா?" என்று கேட்கிறார். பெயின்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் பேரம் பேசாமல் கொடுப்பவர், உள்ளே அளந்து பார்த்த நாளுக்குக் கூலி கேட்டால் புருவத்தை உயர்த்துகிறார்.

இந்த இடத்தில்தான் நமது கேள்வி கூர்மை பெறுகிறது. அவன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?

முற்போக்கு எண்ணம் உடைய நண்பர்களிடமிருந்தே எழக்கூடிய ஒரு வாதம் உண்டு. அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். துரைமார் ஏறி மலை சுற்றிய வண்டி. இன்று பணக்காரரின் பொழுதுபோக்கு. அதை மிடுக்காக ஓட்டுகிறவன், தனக்கு வேலை செய்தவனின் பாட்டி எந்த லயத்தில் பிறந்தாள் என்று கேட்டவனல்லன். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்தப் பாட்டியை நாடற்றவளாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவளது உறவினரை மந்தை பிரிப்பதுபோலப் பிரித்தது. ஒரு சமூகத்தையே நேர்மையற்ற கணக்கில் எழுதி வைத்துவிட்டு, அதன் பேரனிடம் வீசம் அங்குலத்துக்குக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? வளையத்தை வைத்துவிட்டுப் போகட்டுமே!

வாதத்தின் கோபம் சரியானது. அதன் முடிவு பிழையானது. காரணம் எளிது: பழைய வண்டி ஒருவரிடமே நிற்பதில்லை. முதலில் வாங்கியவர் சலித்ததும் விற்பார். அடுத்தவர் பழுதின் முனகலைக் கேட்டதும் விலையைக் குறைத்து விற்பார். இப்படிக் குறைந்து குறைந்து, அதைக் கடைசியாக வாங்குகிறவன் வேறு வண்டி வாங்க வகையற்றவன். லுணுகலைப் பாதையிலே மரக்கறி மூட்டையைக் கட்டிக்கொண்டு மழையில் இறங்குகிறவன் அவன். பழுது எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். முதலாளியைப் பழிவாங்க வைத்த வளையம் முதலாளியைச் சென்றடைவது மிக அருமை. அடுத்தபடியாக அந்த மூடியைத் திறக்கப்போகும் இன்னொரு பாஸ் இருக்கிறான். பொய்யான ஸ்பிரிங்கைக் கண்டு, எங்கே பிழை என்று தெரியாமல் அவன் செலவிடும் நாளும் ஒரு தொழிலாளியின் நாளே.

ஆயினும் இத்துடன் வாதத்தை முடித்துக்கொள்வது, தொழிலாளிக்கு ஒழுக்கம் போதித்துவிட்டு எழுந்து போகும் பழைய கதையாகிவிடும். இதே மலையில் இன்னொரு ஸ்பிரிங் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே தொங்கும் தராசைப் பலரும் அறிவர். பள்ளிப் பாடநூல் அதை விற்றராசு என்கிறது. நீட்சிக்கேற்பவே விசை என்ற விதியை இங்கிலாந்தின் ராபர்ட் ஹுக் கண்டார். 1676இல் அதை எழுத்துக்களைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் புதிரை அவிழ்த்தார். இயற்கையின் விதியொன்றை ஈராண்டு மூடி வைத்திருந்தார் அந்த அறிஞர்! வால்வை மூடுவதும் அந்த விதியே. கூடைக்காரியின் கொழுந்தை நிறுப்பதும் அந்த விதியே. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 முதல் 20 கிலோ வரை பறித்தால்தான் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். ஆகவே அந்தச் சுருளின் நீட்சியில் ஒரு குடும்பத்தின் இரவுச் சோறு தொங்குகிறது.

தளர்ந்துபோன விற்றராசு ஒரு வேடிக்கை செய்யும். சுருள் இளகினால் அதே எடைக்கு அது அதிகம் நீளும். கூடைக்காரிக்கு ஆதாயமாகவே பிழைக்கும். அத்தகைய தராசு மடுவத்தில் நெடுநாள் தொங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறைவு பெரும்பாலும் ஸ்பிரிங்கில் நிகழ்வதில்லை, பென்சிலில் நிகழ்கிறது. சாக்குக்கு ஒரு கிலோ, மழை நீருக்கு ஒரு கிலோ, முற்றல் இலைக்குக் கொஞ்சம் என்று கழிக்கப்படுவது தோட்டத் தொழிலாளரின் நெடுங்கால முறைப்பாடு. ஈரக் கொழுந்தில் நீர் இருப்பது உண்மையே. ஆனால் எவ்வளவு நீர் என்று யார் அளந்தார்? நாளுக்கு மூன்று நிறுவை, ஒவ்வொன்றிலும் நியாயமின்றி ஒரு கிலோ போகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் இருபது நாளில் 60 கிலோ. அது மூன்று நாள் உழைப்பு. வீசம் அங்குலம் எங்கே, மூன்று நாள் எங்கே?

ஒரே விதியில் இயங்கும் இரண்டு சுருள்களில் ஒன்றுக்கு மனச்சாட்சியைச் சாட்சியாக வைக்கிறோம். மற்றதற்கு அதிகாரத்தைச் சாட்சியாக வைக்கிறோம். பட்டறைப் பையன் வளையம் வைத்தால் திருடன். மடுவத்தில் கழித்து எழுதினால் அது நிர்வாகம்.

தோட்ட முறைமை தொடக்கம் முதலே ஒரு நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்டது: கண்காணிக்கப்படாத உழைப்பு உழைப்பாகாது என்பது அந்நம்பிக்கை. காலைப் பிரட்டு, கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்துரை, பெரியதுரை என்று கண்ணுக்கு மேல் கண் வைக்கப்பட்டது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921 வரை சட்டப்படி நிலவியது. மோட்டார் சைக்கிள் உலகில் இதற்கு விசித்திரமான ஓர் ஒப்புமை இருக்கிறது. அதிவேகத்தில் ஸ்பிரிங்கை நம்ப முடியாது என்று எண்ணிய பொறியியலாளர் சிலர், வால்வைத் திறக்க ஒரு கேமும் மூட இன்னொரு கேமும் வைத்தனர். 1954, 1955ஆம் ஆண்டுகளின் மெர்சிடிஸ் பந்தயக் கார்களில் இம்முறை இருந்தது. 1956இல் இத்தாலியின் டுகாட்டி நிறுவனத்தில் ஃபாபியோ தாலியோனி இதை 125 சீ.சீ. பந்தய வண்டிக்குக் கொண்டுவந்தார். டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். கிரேக்கத்தில் 'டெஸ்மோஸ்' என்றால் கட்டு. 'ட்ரோமோஸ்' என்றால் ஓட்டம். கட்டுண்ட ஓட்டம்! யந்திரத்துக்கு அது குற்றமன்று. அருமையான பந்தய வெற்றிகளை அது ஈட்டியிருக்கிறது. ஆனால் அங்கே வால்வு தானாகத் திரும்புவது என்பதே இல்லை. போகச் சொல்வதும் வரச் சொல்வதும் ஒரே சுழற்சி. அதற்கு விலையாக, ஒவ்வொரு வால்வுக்கும் இரு இடைவெளிகளை ஓயாமல் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும். கட்டிவைத்து ஓட்டுகிறவனுக்கும் ஓய்வில்லை.

மனிதரைப் பற்றி அவ்வாறு எண்ணுவோர், பட்டறையில் தனியே இருந்து வீசம் அங்குலத்தை அளக்கும் அந்த இளைஞனை எப்படி விளக்குவார்கள்? அவனைக் கண்காணிக்க யாருமில்லை. தண்டனை இல்லை, கண்டுபிடிக்கவே முடியாது. இருந்தும் அளக்கிறான். அவன் அளப்பது வாடிக்கையாளருக்காக அன்று. கடவுளுக்காகவோ என்றால் அதுவும் முழு உண்மையன்று. இந்த மூடியை மறுபடி ஒருவன் திறப்பான், இந்த வளைவில் ஒருவன் இறங்குவான் என்பதை அவன் அறிந்திருக்கிறான். முகம் தெரியாத அந்த இருவரையும் தன்னைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணுகிறான். கேள்விக்கு என் விடை இதுவே: காணாத வேலைக்குச் சாட்சி, அந்த வேலையின் விளைவைச் சுமக்கப்போகிறவன். அவன் இன்னும் வந்து சேராதவனாக இருக்கலாம். அதனால் சாட்சி இல்லாமல் போய்விடாது.

இவ்விடையை ஏற்போமாயின் அதிலிருந்து இரண்டு கடமைகள் கிளைக்கின்றன. பட்டறையில் நேர்மை வேண்டுமென்பவர், அளந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். நேர்மை என்பது இலவச இணைப்பன்று. அதற்கு நேரம் பிடிக்கிறது, நேரத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் செலவாகின்றன. கொடுக்க மறுத்துவிட்டு அதை எதிர்பார்ப்பவர், வளையம் வைப்பதற்கு அச்சாரம் கொடுத்தவராவார்.

மற்றது மடுவத்தைப் பற்றியது. தன் வேலையில் நம்பிக்கை உள்ள மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கத்தைக் காணலாம்: கழற்றிய பழைய உறுப்புகளைக் கடதாசியில் சுற்றி வண்டிக்காரனிடமே திருப்பிக் கொடுப்பது. "இதுதான் உங்கள் பழைய ஸ்பிரிங், அளந்து பாருங்கள்." யாரும் கேட்காமல் அவன் சாட்சியத்தைக் கையில் வைத்துவிடுகிறான். இதற்கு ஈடான வழக்கம் நிறுவைக் களத்தில் ஏன் இருக்கக் கூடாது? வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், அதற்கென அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களமும் இந்நாட்டில் உள்ளன. நல்லது. ஆனால் முத்திரை ஆண்டுக்கொரு நாள் விழுவது. கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்படுவது. சில தோட்டங்களில் இலக்கத் தராசு வந்திருக்கிறது. எண் தெளிவாகத் தெரிவது முன்னேற்றந்தான். எனினும் எண்ணுக்கும் புத்தகத்துக்கும் இடையில் பென்சில் அப்படியே இருக்கிறது.

தராசின் அருகே முத்திரையிட்ட பத்துக் கிலோ எடைக்கல் ஒன்று கிடக்கட்டும். வெற்றுச் சாக்கை முதலில் அதே தராசில் நிறுத்து, கண்ட எடையை மட்டும் கழிக்கட்டும். நீருக்குக் கழிப்பதாயின், எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று பலகையில் எழுதட்டும். தராசின் முகம் கூடைக்காரியை நோக்கித் திரும்பியிருக்கட்டும். எடைக்கல்லை மாட்டிப் பார்க்கும் உரிமை கணக்கப்பிள்ளைக்கு வேண்டியதில்லை. அவரிடம் புத்தகம் இருக்கிறது. காலையிலிருந்து நிரையில் நின்று, சாக்கைத் தலையில் சுமந்து மலையிறங்கி வந்தவள், தன் கொழுந்தை மாட்டுவதற்கு முன் அதைத் தூக்கி மாட்டட்டும்.